தையல் இல்லை என்று சொல்லிவிட்டு, மறுநாள் போட்ட ஒரு தையல்

விழித்திரை அறுவையில் 23 கேஜ், 25 கேஜ், 27 கேஜ் என்று (கேஜ் என்பது பருமனைச் சொல்லும் எண், எண் கூடினால் துளை சிறியது) துளை சுருங்கிக்கொண்டே வருவதைப் பற்றி நல்ல சேதிகள் நிறைய எழுதப்படுகின்றன. அவை உண்மைதான், நானே தினமும் பார்க்கிறேன். ஆனால் தையல் போடாத அறுவை ஒன்று சறுக்கினால் கண்ணுக்குள் என்ன நடக்கிறது, எந்த நிமிடத்தில் அதைத் தடுத்திருக்கலாம் என்பதை முதலிலிருந்து கடைசி வரை எழுதி வைப்பவர்கள் குறைவு. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும், அறுவைக்குப் போகப்போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். இது என் கையில் நடந்தது. நோயாளியிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது அவர் வேலை. சின்ன வயதிலிருந்தே கடுமையான கிட்டப்பார்வை, மைனஸ் 12 அளவுக்குக் கண்ணாடி போட்டவர். சில வருடங்களுக்கு முன் இரண்டு கண்ணிலும் கண்புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தார்கள், அதன் பிறகு நன்றாகவே படித்துக்கொண்டிருந்தார். என்னிடம் வந்தது வலது கண்ணுக்காக.

அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வரி நேராத்தான் வருது டாக்டர், நடு எழுத்துக்கிட்ட வந்ததும் ஒரு மேடு ஏறி இறங்குது. மூணு சுழி 'ண'வா ரெண்டு சுழி 'ன'வான்னு எண்ண முடியல. இடது கண்ணை வச்சுத்தான் ஓட்டிட்டிருக்கேன்."

இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது. பரிசோதனையில் வலது கண் பார்வை 6/24 (இயல்பு 6/6). விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி படத்தில், அதன் நடுப்பகுதியான மாக்குலாவின் மேல் பளபளவென்று ஒரு சவ்வு, அது விழித்திரையை இழுத்துச் சுருக்கியிருந்தது. நடுவில் இருக்க வேண்டிய குழி மறைந்து அந்த இடம் மேடாகி, தடிமன் 460 மைக்ரான் வரை போயிருந்தது. இடது கண்ணிலும் அதே சவ்வின் தொடக்கம் மெல்லியதாக இருந்தது, ஆனால் பார்வையைத் தொடவில்லை.

இன்னொரு அளவும் அன்றே கோப்பில் இருந்தது. கண்ணின் நீளம் 28.4 மி.மீ. சாதாரணக் கண் சுமார் 23, 24 மி.மீ. தான் இருக்கும். ஊதிப் பெருத்த பலூனின் சுவர் மெலிவது போல, நீண்ட கண்ணில் வெளிச்சுவரான ஸ்கிளீராவும் மெலிந்திருக்கும். இந்த எண்ணை நான் பார்த்தேன், எழுதினேன், ஆனால் அதற்குரிய கவனத்தைக் கொடுத்தேனா என்று கேட்டால், மயக்க மருந்து விஷயத்தில் கொடுத்தேன், துளை விஷயத்தில் கொடுக்கவில்லை.

சவ்வு என்பது அவசர நோய் இல்லை, காத்திருக்கலாம். ஆனால் எழுத்தைப் பார்ப்பதே தொழிலாக உள்ளவருக்கு ஆறு மாதம் காத்திருங்கள் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இருவரும் பேசி, அறுவை என்று முடிவெடுத்தோம்.

"தையல் போடாம எப்படி மூடும்?"

அவருக்குத் தெரிந்த ஒருவருக்குப் பல வருடங்களுக்கு முன் பழைய முறையில் விழித்திரை அறுவை நடந்திருக்கிறது. தையல் இருந்த இடம் வாரக்கணக்கில் மணல் விழுந்தது போல உறுத்தியதாம். அந்தப் பயத்தில் கேட்டார், கண்ணில் தையல் வருமா என்று. நான் சொன்னேன்: "இல்லம்மா, இப்பெல்லாம் தையலே கிடையாது."

இந்த ஒரு வாக்கியம்தான் இந்த ஆய்வின் மையம். அதற்குத் திரும்பும் முன், அவர் உடனே கேட்ட அடுத்த கேள்வி, "அப்போ ஓட்டை எப்படி மூடும்?" அதற்கு அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், பின்னால் வருவது அப்போதுதான் புரியும்.

கண்ணின் நடுவே நிறைந்திருக்கும் ஜெல்லுக்கு விட்ரியஸ் என்று பெயர். விழித்திரையைத் தொட வேண்டுமென்றால் முதலில் இதை வெட்டி உறிஞ்சி எடுக்க வேண்டும். அதுதான் விட்ரெக்டமி. 1970களின் தொடக்கத்தில் ராபர்ட் மெக்கமர் இதைக் கருவிழி ஓரத்தைத் தாண்டிய பகுதி வழியாகச் செய்து காட்டியபோது, வெட்டுவது, உறிஞ்சுவது, திரவம் செலுத்துவது எல்லாம் ஒரே கருவியில், அதாவது தடித்த 17 கேஜ் கருவி ஒன்றில் இருந்தது. அடுத்த சில வருடங்களில் கானர் ஓமாலியும் ரால்ஃப் ஹெய்ன்ஸும் வேலையை மூன்று துளைகளாகப் பிரித்தார்கள்: ஒன்றில் திரவம் உள்ளே போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் வெட்டும் கருவி. 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. துளை. சுமார் முப்பது வருடம் உலகம் முழுக்க இதுதான் நடந்தது, ஒவ்வொரு துளைக்கும் தையல் உண்டு.

2002இல் யூஜின் டி ஹுவானும் கில்டோ ஃபூஜியும் 25 கேஜ் முறையைக் கொண்டுவந்தார்கள். துளை 0.5 மி.மீ. தான். மேல்தோலான கஞ்சங்டைவாவைக் கிழித்துத் திறக்காமல் அதன் வழியாகவே ட்ரோகார் என்ற கூர்முனைக் கருவியைக் குத்தி, கேனுலா என்ற சின்னக் குழாயை நிறுத்திவிடுவது. முடிந்ததும் குழாயை உருவிவிட்டால் துளை தானே மூடிக்கொள்ளும். 2005இல் கிளாஸ் எக்கார்ட் 23 கேஜைக் கொண்டுவந்தார், ஏனென்றால் அன்றைய 25 கேஜ் கருவிகள் வளைந்தன, மெதுவாக வேலை செய்தன. 2010இல் யூசுகே ஓஷிமா 27 கேஜ், 0.4 மி.மீ.

துளை சிறிதானால் என்ன சிரமம் என்றால், குழாய் வழியாக ஓடும் திரவத்தின் அளவு குழாய் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஜெல் வேறு பிசுபிசுப்பானது. இதைச் சரிக்கட்டியது வெட்டும் வேகம்: ஆரம்பகால 25 கேஜ் கருவி நிமிடத்துக்கு 1,500 வெட்டு வெட்டியது, பிறகு 5,000, 7,500, 10,000 என்று ஏறி இரட்டை வாய் உள்ள கருவிகளில் 20,000 வரை வந்துவிட்டது. பொடிப்பொடியாக வெட்டினால் ஜெல் தண்ணீர் போல ஓடும், விழித்திரையை இழுக்காது. விளக்கின் பலமும் கூடியது. இவை எல்லாம் சேர்ந்துதான் சின்னத் துளையை நம்பகமானதாக ஆக்கின.

மூடுவதற்கு வருவோம். ட்ரோகாரை நேராகக் குத்தினால் சுவரில் நேர்த் துளை விழும். சுமார் 30 பாகை சாய்வாக உள்ளே கொண்டுபோய், அப்புறம் நிமிர்த்திக் கண்ணின் மையத்தை நோக்கித் தள்ளினால் சுவருக்குள் சாய்ந்த ஒரு சுரங்கம் கிடைக்கும். குழாயை எடுத்ததும் கண்ணின் உள்ளழுத்தமே சுரங்கத்தின் அடியுதட்டை மேலுதட்டோடு அழுத்தி மூடும். கஞ்சங்டைவாவை முன்கூட்டியே ஓரிரு மி.மீ. நகர்த்தி வைத்துக் குத்துவதால், அது பழைய இடத்துக்குத் திரும்பும்போது இரண்டு துளையும் ஒன்றன்மேல் ஒன்று நிற்காது. இவ்வளவுதான் தையல் இல்லாத அறுவையின் ரகசியம். அது நடக்கச் சுவரில் தடிமன் வேண்டும், சாய்வு வேண்டும், உள்ளே அழுத்தம் வேண்டும்.

ஆரம்ப வருடங்களில் பலரும் நேராகத்தான் குத்தினார்கள். 2007இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், அறுவைக்குப் பிந்தைய கண் உட்தொற்று 20 கேஜில் 5,498 கண்களில் ஒன்று, 25 கேஜில் 3,103 கண்களில் ஏழு. துறையையே உலுக்கிய எண்கள் அவை. கசியும் துளை வழியாகத் திரவம் வெளியே வருகிறதென்றால் கிருமி உள்ளேயும் போகலாம் அல்லவா. சாய்வுத் துளை பழக்கமானது, கசிந்தால் தைப்பது என்ற ஒழுக்கம் வந்தது, பிறகு வந்த பெரிய தொகுப்புகளில் அந்த வேறுபாடு காணாமல் போனது. இது எனக்குத் தெரியும். நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடமும் இதுதான். அதனால்தான் அடுத்து எழுதப்போவது எனக்கு வலிக்கிறது.

அறுவை நாள்

நீண்ட கண்ணில் ஊசியால் மயக்க மருந்து போடுவது ஆபத்து, சுவர் குத்துப்படலாம். அதனால் மழுங்கிய குழாய் வழியாக, கண்ணைச் சுற்றியுள்ள டீனன் உறை என்ற படலத்துக்கு அடியில் மருந்து கொடுத்தோம். கிருமி நீக்க 5 சதவீதப் போவிடோன் அயோடின், மூன்று நிமிடம். பிறகு கருவிழி ஓரத்திலிருந்து 3.5 மி.மீ. தள்ளி மூன்று 25 கேஜ் துளைகள். கீழ்வெளிப் பக்கம் திரவக் குழாய், மேல் மூக்குப் பக்கம் விளக்கு, இரண்டும் நல்ல சாய்வில் போயின. மூன்றாவது மேல்வெளிப் பக்கம், என் வலது கை வேலை செய்யும் துளை. நான் நகர்த்திப் பிடித்திருந்த கஞ்சங்டைவா வழுக்கிவிட்டது, மறுபடி பிடித்து உள்ளே போனேன். போனது சாய்வாகவா என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

உள்ளே வேலை சுமுகம். ஜெல்லை எடுத்தோம், கிட்டப்பார்வைக் கண்களில் மாக்குலா மேல் ஒரு மெல்லிய ஜெல் படலம் தங்கிவிடும் என்பதால் ஜெல்லை வெள்ளையாகக் காட்டும் ட்ரையாம்சினலோன் தூவிப் பார்த்து அதையும் எடுத்தோம். நீலச் சாயம் பூசிச் சவ்வையும், அதன் அடியில் உள்ள உள் எல்லைப் படலத்தையும் உரித்தோம்.

உரிக்கும்போது ஒரு தொல்லை. கண் நீளம் என்பதால், உரிக்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸின் முனை மாக்குலாவை எட்டுவதற்கு முன்பே அதன் அடிப்பகுதி கேனுலாவின் தலையில் முட்டி நின்றுவிட்டது. மிச்சமிருந்த தூரத்துக்கு, கேனுலாவையே சுவரோடு சேர்த்து அமுக்கித்தான் எட்டினேன். ஒருமுறை இல்லை, உரித்து முடியும் வரை, பத்துப் பதினைந்து முறையாவது இருக்கும். மெலிந்த சுவரில், நேராகப் போன துளையில், அத்தனை அமுக்கல். அப்போது என் கண் முழுக்க மாக்குலாவில் இருந்தது.

ஓரங்களைச் சுற்றிப் பார்த்தோம், கிழிசல் இல்லை. இந்தச் சவ்வுக்கு வாயு நிரப்ப வேண்டிய அவசியமில்லை, திரவத்தோடு விட்டால் அவர் மறுநாளே பார்க்கத் தொடங்கலாம். அதனால் காற்றும் நிரப்பவில்லை. இதுவும் ஒரு முடிவுதான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காற்றுக் குமிழின் பரப்பு இழுவிசை துளையை உள்ளிருந்து அடைக்கும், தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது.

கடைசி ஐந்து நிமிடம்

திரவ அழுத்தத்தைக் குறைத்து, மூக்குப் பக்கக் கேனுலாவை எடுத்து, பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்த்தேன். மூடியது. மேல்வெளிப் பக்கத்தை எடுத்தேன். கஞ்சங்டைவா மெல்லக் கொப்புளம் போல எழும்பியது. பஞ்சுக் குச்சியால் அழுத்திக்கொண்டு இரண்டு நிமிடம் காத்திருந்தேன், படிந்தது. குச்சியை எடுத்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, ஓரத்திலிருந்து மறுபடி பளபளத்து எழும்பியது, முன்பைவிடச் சிறியதாக.

எதிரே உட்கார்ந்திருந்த இளம் மருத்துவர் கேட்டார்: "சார், அந்தத் துளைக்கு ஒரு தையல் போட்டுடலாமா?"

"வேண்டாம், இது மூடிடும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவ்வளவு சின்னக் கசிவுகள் மூடுவதை நிறையப் பார்த்திருந்தேன், அது ஒரு காரணம். அடுத்த நோயாளி காத்திருந்தார், அதுவும். ஆனால் உண்மையான காரணம், தையலே கிடையாது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அந்த வாக்கு என் கையைப் பிடித்தது. தையல் போட்டால் ஏதோ தோற்றுப்போனது போல.

திரவக் குழாயையும் எடுத்தேன். விரலால் தொட்டுப் பார்த்தால் கண் கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது, பரவாயில்லை என்று நினைத்தேன். வழக்கம்போல ஆன்டிபயாட்டிக்கும் ஸ்டீராய்டும் கஞ்சங்டைவாவுக்கு அடியில் ஊசியாகப் போட்டோம். அதனால் அந்த இடமெல்லாம் உப்பியது. அப்புறம் எது மருந்து, எது கசிவு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போனது. கட்டுப் போட்டு அனுப்பினோம்.

மறுநாள் காலை

கட்டைப் பிரித்ததும் அவர் சொன்னது, "மங்கலா இருக்கு டாக்டர், உள்ளுக்குள்ள ஒரு மந்தமான வலி." பார்வை 6/60. கண் அழுத்தம் 4 மி.மீ. பாதரசம், இயல்பு 10 முதல் 21 வரை. கருவிழியின் உள்பக்கம் மெல்லிய மடிப்புகள். மேல்வெளிப் பக்கத்தில் கஞ்சங்டைவா நீர்க்கொப்புளமாக நின்றது. முந்தைய நாள் ஊசி மருந்து அதற்குள் கரைந்திருக்க வேண்டும், ஆக இது கசிவுதான், சந்தேகமில்லை. ஃபுளோரசின் சாயம் வைத்துப் பார்த்தால் வெளியே எதுவும் ஓடவில்லை. நகர்த்தி வைத்த கஞ்சங்டைவா மேலே மூடியிருந்ததால் வெளிக்கசிவு தெரியாது. சாயச் சோதனை சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடக் கூடாத இடம் இது.

ஸ்கேனில் வெளிப்பக்கம் கோராய்டு, அதாவது விழித்திரைக்கும் ஸ்கிளீராவுக்கும் நடுவிலுள்ள ரத்தக்குழாய்ப் படலம், லேசாகத் தூக்கியிருந்தது. அழுத்தம் விழுந்தால் இப்படித்தான், கோராய்டுக்கும் ஸ்கிளீராவுக்கும் நடுவில் நீர் சேரும். ஓசிடியில் மாக்குலாவுக்கு அடியில் கோராய்டு மடிப்புகள். தொற்றின் அறிகுறி எதுவும் இல்லை: கடும் வலி இல்லை, சீழ் இல்லை, முன்னறையில் செல்கள் அறுவைக்குப் பிறகு எதிர்பார்க்கிற அளவுக்குத்தான்.

காத்திருப்பதா, தைப்பதா

முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசினேன். ஒரு துளை மூடவில்லை, அதன் வழியாகத் திரவம் கசிந்து கண் தளர்ந்திருக்கிறது, நேற்றே எனக்குச் சந்தேகம் வந்தது, தையல் போட்டிருக்க வேண்டும், போடவில்லை என்று அப்படியே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார், "சந்தேகம் வந்ததுன்னா, அப்பவே ஏன் டாக்டர் போடல?" உங்களிடம் தையல் இல்லை என்று சொல்லியிருந்தேன் என்றேன். "நான் உறுத்துமான்னுதான் கேட்டேன், போடக்கூடாதுன்னு சொல்லலையே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி.

காத்திருக்கக் காரணங்கள் இருந்தன. தையலில்லா அறுவைக்குப் பின் முதல் நாள் அழுத்தம் குறைவது அபூர்வமில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் தானே ஏறிவிடும். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோவதும் அவருக்கு இன்னொரு பாரம்.

எதிர்க் காரணங்கள் இந்தக் கண்ணுக்கே உரியவை. கிட்டப்பார்வைக் கண்ணில் அழுத்தம் விழுந்து கோராய்டு தூக்கினால் அதற்கடியில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து மற்றக் கண்களைவிட அதிகம். கொப்புளம் வற்றுகிற மாதிரி தெரியவில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தொற்றுக்கு வழி. அட்ரோப்பினும் ஸ்டீராய்டு சொட்டும் தொடங்கி, மாலை வரை ஓர் எல்லை வைத்துக்கொண்டேன்: அதற்குள் அழுத்தம் ஏறி, கோராய்டு அப்படியே இருந்தால் காத்திருப்பது, இல்லையென்றால் அன்றே தைப்பது. இறுக்கிக் கட்டுப் போடுவதைப் பற்றி யோசித்து விட்டுவிட்டேன், தளர்ந்த கண்ணை வெளியிலிருந்து அமுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாலையில் அழுத்தம் 3. ஸ்கேனில் கோராய்டு காலையைவிடத் தூக்கியிருந்தது.

அந்த ஒரு தையல்

தளர்ந்த கண் என்பதால் சொட்டு மருந்தும், தைக்கும் இடத்தில் மட்டும் மரத்துப்போகச் சிறிது லிக்னோகைனும். கொப்புளத்தின் மேலேயே குருட்டுத்தனமாகத் தைக்க விரும்பவில்லை, கஞ்சங்டைவாவைச் சிறிதாக வெட்டி விலக்கினேன். வெள்ளைச் சுவரில் துளை தெரிந்தது. சாய்ந்த கீறலாக இருக்க வேண்டியது வட்டமாக வாய் திறந்திருந்தது, அதன் உதடுகளுக்கு நடுவே முடியைவிட மெல்லிய ஒரு ஜெல் இழை. ஸ்பாஞ்சால் தொட்டதும் ஒட்டிக்கொண்டு நீண்டது. துளையை மூடவிடாமல் பிடித்திருந்தது இதுதான். கிருமி உள்ளே போவதற்குத் திரி போலவும் இருந்திருக்கும். சுவரோடு ஒட்ட வெட்டினேன். தானே கரையும் 8-0 விக்ரில் நூலில் ஒரே ஒரு தையல். பிறகு வேறு பக்கத்தில் 30 கேஜ் ஊசியால் வடிகட்டிய காற்றைச் செலுத்தி அழுத்தத்தை ஏற்றினோம். தைத்த இடத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டுப் பார்த்தோம், காய்ந்தே இருந்தது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். முந்தைய நாள் அந்தத் தையலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்த வாரங்கள்

மறுநாள் அழுத்தம் 13. ஒரு வாரம் தினமும் வரச் சொல்லித் தொற்று இல்லை என்று உறுதி செய்தோம். காற்றுக் குமிழி கண்ணில் இருக்கும் வரை விமானப் பயணம் கூடாது, நைட்ரஸ் ஆக்சைடு மயக்கம் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். அது ஐந்தாம் நாள் கரைந்துவிட்டது. கோராய்டு ஒன்பதாம் நாள் படிந்தது. தையல் மூன்று வாரம் போல உறுத்தியது, பிறகு கரைந்தது. தெரிந்தவர் சொன்ன அளவுக்கு இல்லை என்று அவரே சொன்னார்.

ஒரு மாதத்தில் 6/12. ஆறு மாதத்தில் 6/9, மாக்குலா தடிமன் 340 மைக்ரான், கோராய்டு மடிப்புகள் மறைந்துவிட்டன. மேடு முழுதாகப் போகவில்லை, கட்டக் காகிதத்தில் ஒரு கோடு மட்டும் இன்னும் லேசாக நெளிகிறது. அடுத்த முறை வந்தபோது பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினார், 'ண' வரும் இடத்தில் மட்டும் விரலை வைத்து நிறுத்தி.

காணொளியைத் திரும்பப் பார்த்தபோது

அந்த வார இறுதியில் இளம் மருத்துவரையும் உட்காரவைத்து அறுவைக் காணொளியை முழுக்கப் பார்த்தோம். மூன்று விஷயம் தெரிந்தது. கஞ்சங்டைவா வழுக்கிய பிறகு மேல்வெளித் துளையில் ட்ரோகார் கிட்டத்தட்ட நேராக இறங்கியிருக்கிறது. உரிக்கும்போது கேனுலாவின் தலை சுவரை அமுக்கிச் சுழற்றுவது ஒவ்வொரு முறையும் தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவதுதான் நான் எதிர்பார்க்காதது: மூக்குப் பக்கக் கேனுலாவை, விளக்குத் தண்டான லைட் பைப்பை உள்ளே வைத்துக்கொண்டே அதன்மேல் வழுக்கி எடுத்திருக்கிறேன், அப்படிச் செய்தால் ஜெல் வெளியே பிதுங்காது. மேல்வெளிப் பக்கத்தில் விளக்கை ஏற்கெனவே கீழே வைத்துவிட்டதால் கேனுலாவைச் சும்மா உருவியிருக்கிறேன். அந்த இழை அங்கேதான் மாட்டியிருக்க வேண்டும்.

27 கேஜ் போட்டிருந்தால் இது நடந்திருக்காதா என்று இளம் மருத்துவர் கேட்டார். துளை இன்னும் சிறியது, மூடுவது எளிது, உண்மைதான். ஆனால் நீண்ட கண்ணில் எட்டாத பிரச்சினை அதிலும் இருந்திருக்கும், மெல்லிய தண்டு கூடுதலாக வளைந்திருக்கும். கருவியை மாற்றினால் போதும் என்று சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் கருவி அன்று தன் வேலையைச் செய்தது.

இப்போது என்ன மாறியிருக்கிறது

முதலில் மாறியது பேச்சு. இப்போது நான் சொல்வது: "பெரும்பாலும் தையல் வேண்டியிருக்காது. துளை மூடலைன்னா கரையற தையல் போடுவேன், சில வாரம் உறுத்தும்." ஒப்புதல் படிவத்திலும் அப்படியே இருக்கிறது.

கண் நீளம் 26 மி.மீ. தாண்டினால், திட்டத் தாளிலேயே அதைப் பெரிதாக எழுதி, நீளத் தண்டுள்ள ஃபோர்செப்ஸை எடுத்து வைக்கச் சொல்கிறேன். அந்தக் கண்களில் முடிவில் பாதியாவது காற்று நிரப்புகிறேன். சில நாள் மங்கலாக இருக்கும் என்று முன்பே சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை. சாய்வு தவறிவிட்டது என்று தெரிந்தால் அந்தத் துளைக்குத் தையல் உண்டு என்று அந்த நிமிடமே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன், கடைசியில் மறந்துபோகாமல் இருக்க. கேனுலாக்கள் அனைத்தையும் லைட் பைப்பின் மேலேயே வழுக்கி எடுக்கிறேன். மூன்றையும் எடுத்த பிறகு ஒரு நிமிடம் கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, அதன் பிறகுதான் ஊசி மருந்து, அதுவும் துளைகளிலிருந்து தள்ளி.

இன்னொன்று, தியேட்டரில் இருக்கும் யாராவது, மருத்துவரோ செவிலியரோ, இந்தத் துளைக்குத் தையல் போடலாமா என்று கேட்டால், போட்டுவிடுவது. விவாதம் கிடையாது. இதனால் தேவையில்லாமல் சில தையல்கள் விழுந்திருக்கும், விழட்டும்.

ஒன்றரை வருடம் கழித்து அவருடைய இடது கண் சவ்வும் இழுக்கத் தொடங்கியது. அதே 25 கேஜ். இரண்டு துளைகள் தானே மூடின. மேல்வெளிப் பக்கத்தில் கஞ்சங்டைவா லேசாக எழும்பியது, இந்த முறை யாரும் கேட்பதற்கு முன்பே நூலை வாங்கினேன். அறுவை முடிந்து கட்டுப் போடும்போது அவர் கேட்டார், "எத்தனை தையல் டாக்டர்?" ஒன்று என்றேன். மறுநாள் காலை அழுத்தம் 12.